புழுவெட்டும் பொதுச் சீப்பும்

எங்கள் ஆய்வகத்தில் பூஞ்சைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவரைச் சீப்பு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் பிள்ளைகளின் தலையைச் சுரண்டியவர். கெட்ட அர்த்தத்தில் இல்லை. அந்த அர்த்தத்தில் சுரண்டத் தெரிந்தவர்கள் மாடியில், நிர்வாக அறைகளில் இருந்தார்கள்.

மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி, ஒடிந்த முடிகளை இடுக்கியால் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து, காரக் கரைசல் ஒரு சொட்டு விடுவார். முடி இளகும்வரை காத்திருந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பார். முடியில் மணி மணியாக வித்துகள் தெரிந்தால் படர்தாமரை. மீதி முடியைக் குழாயில் இட்டு, பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க நாலு வாரம். யாராவது அவசரப்படுத்தினால், "பூஞ்சைக்கு உங்க அவசரம் தெரியாது" என்பார். இதைப் பெரும்பாலும் மாடியில் இருந்தவர்களிடமே சொன்னதால் பதவி உயர்வுக்கும் அவர் அவசரம் தெரியாமல் போய்விட்டது.

அவர் வீட்டில் ஆளுக்கொரு சீப்பு. அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிற நூல். வழுக்கைக் கணவருக்கும் ஒன்று உண்டு. "இருந்துட்டுப் போகட்டும், அவருக்கும் ஆசை இருக்காதா" என்பார். அதே அறையின் மூலையில் ரிப்போர்ட் தட்டச்சு செய்துகொண்டிருந்த நான், அவரை ரொம்ப நாள் கல்நெஞ்சக்காரி என்றே நினைத்திருந்தேன். அழுகிற பிள்ளையை ஒருநாளும் கொஞ்சியதில்லை.

ஒருநாள் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை வந்தார். கூடவே தையல் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அம்மாவும் அவருடைய எட்டு வயது மகளும். பெண்ணின் காதுக்கு மேலே காசு அளவுக்கு முடி கொட்டியிருந்தது. தலைமையாசிரியை நாலடி தள்ளியே நின்றார்.

"என் பள்ளிக்கூடத்துல ஆறு பசங்களுக்குத் தலைல படை. எல்லாம் இவகிட்டேருந்துதான். புழுவெட்டுன்னு இவ அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. புழுன்னா நாலு இடத்துக்கு ஊர்ந்து போகத்தானே செய்யும்?"

நம் மொழியைச் சொல்ல வேண்டும். தலைக்குத் தலை தாவுகிற நோய்க்குத் தாமரை என்று பெயர் வைத்தது. யாரிடமும் ஒட்டாத ஒன்றுக்குப் புழு என்று வைத்தது. படித்த தலைமையாசிரியையே வழுக்கி விழுந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை போல வழவழவென்று இருந்தது. செதிலும் இல்லை, ஒடிந்த முடியும் இல்லை. இருந்தாலும் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"இது ஒட்டாது மேடம். புழுவெட்டுல புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது."

"குழாய்ல வளர்த்துப் பார்ப்பீங்களாமே? அந்த ரிப்போர்ட்டும் வரட்டும். அதுவரைக்கும் இவ பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம்."

"டீச்சர், இவ ஒருநாள்கூட லீவு போட்டதில்ல" என்றார் அந்த அம்மா. தலைமையாசிரியை கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

ஊரையே காத்திருக்கச் சொன்ன அக்கா, மறுநாளிலிருந்து தினமும் அந்தப் பெண்ணின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பூஞ்சைக்கு அவருடைய அவசரமும் தெரியவில்லை.

அந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆறு பிள்ளைகளும் ஒரே மாதிரி இடப்பக்க வகிடு எடுத்து, படிய வாரிய தலையோடு வரிசையாக நின்றார்கள். வாரியதற்கு அடியில் செதில் செதிலாக இருந்தது. கறுப்புப் புள்ளிகளாக முடி ஒடிந்திருந்தது.

"இவங்களுக்கு யாரு தலை வாரி விட்டது?" என்று கேட்டார் அக்கா.

தலைமையாசிரியை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீப்பைப் பெருமையாக எடுத்தார். "நான்தான். தலை கலைஞ்சு வந்தா வகுப்புக்குள்ள விட மாட்டேன். வாசல்லயே நிக்க வச்சு வாரி விட்டுடுவேன். சுத்தம் முக்கியம் இல்லையா?"

அக்கா சீப்பை வாங்கி ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார். அதன்மேல் எண்ணை அழுத்தி எழுதியதில் பேனா முனை மடங்கிவிட்டது. அவருக்கு அத்தனை கோபம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆறு பிள்ளைகளுக்கும் படர்தாமரை உறுதியாயிற்று. களிம்பு வேருக்குள் இறங்காது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலாவது வாரம் சீப்பின் குழாயில் பூஞ்சை செழிப்பாக வளர்ந்திருந்தது. பெண்ணின் குழாய் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

ரிப்போர்ட் வாங்க அம்மாவும் மகளும் வந்தார்கள். அக்காவுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது.

"அத்தனை பேரு தலையில ஓடின சீப்பு. உனக்கு மட்டும் எப்படிம்மா ஒட்டல?"

"எனக்கு வார மாட்டாங்க. நான் வேணும்னே தலையைக் கலைச்சுக்கிட்டுப் போவேன். அப்பவும் வரிசையிலேருந்து தள்ளி நிக்கச் சொல்லிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமையாசிரியை அருவருப்புப்பட்டே ஒரு தலையைக் காப்பாற்றியிருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. பெண் ரிப்போர்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ இனிமே எனக்கும் வாரி விடுவாங்களா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா அலமாரியைத் திறந்து, மாதிரி எடுப்பதற்காக வைத்திருந்த கிருமி நீக்கிய பிரஷ் ஒன்றின் உறையைப் பிரித்தார். பெண்ணை முக்காலியில் உட்கார வைத்து மெதுவாக வாரினார். வகிட்டை மாற்றி, முடியை அந்த இடத்துக்கு மேலே கொண்டுவந்து படிய விட்டார். பிறகு பிரஷ்ஷின் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார்.

"இது உன்னோடது. யாருக்கும் குடுக்காத. டீச்சர் கேட்டாலும் குடுக்காத."

அவர்கள் போன பிறகு நான் பதிவேட்டை எடுத்தேன். பிரித்த ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் காரணம் எழுத வேண்டும்.

"என்னன்னு எழுதட்டும், அக்கா?"

"தலை வாரினதுன்னு எழுது" என்று சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அடியில் தகடு எதுவும் இல்லை. நான் அப்படியே எழுதினேன்.