கழுத்தில் தொங்கிய அட்டை

கலைமதிமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவளை அப்படி அனுப்பி வைத்தவர்கள்மேல் அதைவிடக் கோபம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் ஒரே ரயிலில் போகிறவர்கள் நாங்கள். நான் ஜவுளிக்கடை வேலைக்கு, அவள் படிக்க. முப்பத்து நான்கு வயதில், தனியார் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு, சிறார் நீதி மேலாண்மை டிப்ளமோவில் சேர்ந்தாள். வழக்கில் சிக்கிய பிள்ளைகளைத் தலைநிமிர வைக்கிற படிப்பு என்பாள். வீட்டில் ஆளாளுக்குக் கேலி. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

செய்முறைப் பாடத்துக்கு அவளிடம் ஒப்படைத்த பையன் தென்னரசு, கோலியனூர் பக்கம். பதினேழு வயது. பைக் திருட்டில் சிக்கி, கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவன். அந்த நாட்களில் பெங்களூரில் மாமா வீட்டில் இருந்தான் என்று அவன் அம்மா பாஞ்சாலி தெருவில் சொல்லி வைத்திருந்தாள். பையனும் சக்கரபாணியின் மெக்கானிக் ஷாப்பில் ஒழுங்காக வேலை பார்த்துவந்தான். அந்த வேலை நிலைத்தால் போதும், பிழைத்துக்கொள்வான்.

நிலைக்க விட்டார்களா? கல்லூரி கொடுத்த படிவத்தில் 'அக்கம்பக்கத்தார் கருத்து' என்று ஒரு கட்டம். மூன்று வீட்டில் விசாரிக்க வேண்டும். வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று படித்தவள், விடவும் இல்லை. பையன் எப்படி, மரியாதையாகப் பேசுவானா என்று மட்டும்தான் கேட்டாள். ஆனால் வெளியே விசாரிக்கப் போனால் அடையாள அட்டை மாட்டியே ஆக வேண்டுமாம். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'இளங்குற்றவாளிகள் மறுவாழ்வு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்றாவது வீட்டு வேணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் பதிலே சொன்னாள்.

சேதி தெருவைத் தாண்டி ஷாப்புக்கும் போய், அடுத்த வாரமே சக்கரபாணி பையனை நிறுத்திவிட்டார். கலைமதி ஓடிப்போய்க் கெஞ்சினாள்.

"நாளைக்கு ஒரு வண்டி காணாம போனா, தெரிஞ்சிக்கினே ஏன் வெச்சிருந்தன்னு என்னைத்தானங்க கேப்பாங்க?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கல்லூரியிலோ, அந்தக் கட்டத்தை விரிவாக நிரப்பியதற்குப் பாராட்டு. அட்டையால் வந்த வினையைச் சொன்னபோது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டார்கள். நல்லா இருக்கிறது மறுவாழ்வு!

மன்னிப்புக் கேட்கக் கலைமதி பாஞ்சாலி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அந்தம்மா துடைப்பத்தை எடுப்பாள் என்றே நினைத்தோம். தென்னரசு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கலைமதி அழுது பேசி முடித்தாள். பாஞ்சாலி, குத்தல் துளியும் இல்லாமல் கேட்டாள்:

"நீயாவது பாஸாயிடுவ இல்லம்மா?"