பெரியப்பா வீட்டு ஹீட்டர்

பெரியப்பாவின் கரண்ட் கம்பனியை மாற்றிவிட்டவர் மாமா. அவருடையதை மட்டுமல்ல, நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் ஊரில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து மோர்டன்வரை எங்கள் சொந்தக்காரர் எல்லாருடையதையும். சீட்டுக்கு ஆள் சேர்ப்பதுபோல வீடு வீடாகப் போனார்.

"அதே வயர், அதே கரண்ட். ஏன் அண்ணை கூடக் குடுக்கிறியள்?"

"பிழைச்சால் கம்பனியைத் தேடமாட்டன். உன்னைத்தான் பிடிப்பன்," என்றார் பெரியப்பா. பிறகு சம்மதித்தார். எல்லாரும் அப்படித்தான். கம்பனியின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மாமாவைத் தெரியும்.

குளிர் தொடங்கமுதல் கம்பனி படுத்துவிட்டது.

"வாங்காத சாமானை வித்திருக்கிறாங்கள்," என்றார் மாமா.

அதுதான் நடந்தது. கரண்டை முன்கூட்டி வாங்கி வைக்காமலே மலிவு விலை பேசியிருக்கிறார்கள். கரண்ட் செய்கிற காஸின் விலை ஏறியது, கரண்டும் ஏறியது. பேசிய விலைக்குக் கொடுக்க ஏலாமல் கதவைச் சாத்தினார்கள். வேறொரு கம்பனி எங்களைப் பொறுப்பெடுத்தது. விலை அவர்கள் வைத்ததுதான். இன்றைக்கும் யாராவது மலிவு என்றால், சாமான் கையில் இருக்கிறதா என்று கேட்பேன்.

மோர்டனில் பெரியப்பா தனியே இருந்தார். நெஞ்சில் சளி. வீட்டில் இருந்தது கரண்ட் ஹீட்டர். புதுக் கம்பனியின் கடிதம் வந்தபோது, முகங்கொடுக்க வெட்கப்பட்டு மாமா என்னை அனுப்பினார். எனக்குப் பதின்மூன்று வயது. பெரியவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்வது எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் வேலை.

முன்பக்கம் விலை, பழையதைவிட நல்லாய்க் கூட. வாசித்தேன்.

"பின்னுக்கு என்ன பிள்ளை?"

முழுக்கச் சின்ன எழுத்து. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஒண்டுமில்லை, பெரியப்பா."

அதே மாதிரிக் கடிதம் இப்போது என் பெயருக்கு வருகிறது. அன்றைக்கு நான் வாசிக்காத பின்பக்கத்தில் இருப்பது இதுதான்: வயதானவர்கள், நோயாளிகள், தனியே இருப்பவர்கள் இந்த நம்பருக்குப் போன் எடுக்கவும். உதவி உண்டு. ஹீட்டரை நிறுத்தவேண்டாம்.

"அப்ப ஹீட்டர்?" என்று கேட்டார் அன்றைக்குப் பெரியப்பா.

"போடாதேங்கோ."

"அரசாங்கக் கச்சேரி உத்தரவு மாதிரியெல்லோ சொல்லுறாய்!" சிரித்தார். பிஸ்கட் தந்தார்.

உத்தரவைக் கேட்டார். தை மாதம் மாமா போனபோது, கோட்டும் தொப்பியும் போட்டபடி கதிரையில் இருந்தாராம். மூச்சு இழுத்ததாம். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். நாலாம் நாள் முடிந்துவிட்டது.

அவருக்கு உடுத்த வேட்டி எடுக்க மாமாவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. டிவிக்குப் பக்கத்தில் கடிதம் கிடந்தது. மாமா எடுத்தார். திருப்பினார். நின்றபடியே கடைசிவரை வாசித்தார். என்னைப் பார்த்தார். மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

செத்தவீட்டில் எல்லாரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ மாத்திவிட்டபடியால்தானே மனுசன் விறைச்சுச் செத்தது," என்று ஒருவர் கத்தினார்.

"ஓம். என்ர பிழைதான்," என்றார் மாமா.

பின்பக்கத்தை அறியாத நானும் அதை அப்படியே நம்பினேன். ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை.