சித்திக்கு உப்பு ஆகாது

சித்தி முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய கால்கள் வேறு யாருடையவையோ போல இருந்தன. வீங்கிய சதையில் கொலுசு புதைந்து கிடந்தது. சோப்புத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் போராடித்தான் அம்மா அதைக் கழற்றினாள். அவர்களைப் பெற்றவள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. நான் அப்போது நாலாம் வகுப்பு.

மறுநாள் லேடி டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா சித்தியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ரத்தக் கொதிப்பு ஏறியிருக்குது. உப்பே சேர்க்கக் கூடாது. படுத்தே இருக்கணும்" என்றார்.

அதற்கு மேலும் அவர் அம்மாவிடமும் சித்தியிடமும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்று முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து சித்திக்குத் தனிச் சமையல். உப்பில்லாத குழம்பைப் பிசைந்து வாயில் வைக்கும்போதே அவள் கண்ணில் நீர் கட்டும். "மண்ணத் துன்ற மாதிரி இருக்குதுக்கா" என்பாள். அம்மா எதிரிலேயே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கமாட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் மாங்காயைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார்கள். இரண்டு கீற்றைக் காகிதத்தில் மடித்து, பாவாடையில் செருகிக்கொண்டு வந்தேன். சித்தி கதவுப்பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே தின்றாள். கையில் ஒட்டிய தூளைக்கூட விடவில்லை. "நீதாண்டி என் ராசாத்தி" என்றாள்.

இப்படி நான்கு நாள். இரண்டாம் நாளிலிருந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"தலை பொளக்குதுடி. கண்ணு முன்னாடி ஜரிகை ஜரிகையா பறக்குது. அக்காகிட்ட சொல்லிடாத. சொன்னா ஆஸ்பத்திரில போட்டு வயித்த அறுத்துடுவாங்க."

ஓரிக்கையில் அவள் புகுந்த வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் அப்படிப் போய்த் திரும்பி வரவில்லையாம். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். தலைவலியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மாங்காய் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் என் பயமெல்லாம்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சித்தி பாயில் கிடந்தாள். முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கைகால் விறைத்து வெட்டின. வாயோரம் நுரை. அம்மா அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, "ஐயோ, யாருனா வண்டி கூப்பிடுங்களேன்!" என்று தெருவில் நின்று அலறினாள். ஜட்காவில் சித்தியின் தலை அம்மா மடியிலும் கால்கள் என் மடியிலுமாகப் போனோம்.

ஆஸ்பத்திரியில் அவளை ஓர் அறையில் போட்டு, ஜன்னலைக் கம்பளியால் மூடினார்கள். வெளிச்சமும் சத்தமும் பட்டால் மறுபடி வலிப்பு வருமாம். பட்டப்பகலில் அந்த அறை மட்டும் இருட்டாக இருந்தது.

வெளியே வந்த நர்ஸ் அம்மாவிடம் கேட்டாள்: "உப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"பெருமாள் சத்தியமா ஒரு கல்லு போடலம்மா."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சித்தியைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

சித்தப்பா சைக்கிளில் வந்து சேர்ந்து, ஆபரேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பெயர் கோட்டுக்கு வெளியே ஓடியது. விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சொம்பளவுதான் இருந்தது, பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். சித்தியும் பிழைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு தெளிந்தது.

அதன் பிறகு என்னை உள்ளே விட்டார்கள். சித்திக்கு வீங்கிய முகம் வற்றியிருந்தது. அந்த வாரத்தில் நடந்த எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. "என்னாடி ஆச்சு எனக்கு? நீயாச்சும் சொல்லு" என்றாள். அம்மா பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கதை சொல்லும் உற்சாகம் வந்துவிட்டது. ஜட்கா, கம்பளி, சித்தப்பாவின் கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அதுக்கு முன்னாடியே உனக்குத் தலை பொளந்துச்சே சித்தி. கண்ணு முன்னாடி ஜரிகை பறக்குதுன்னு சொன்னியே" என்றேன்.

கஞ்சி ஆற்றுகிற சத்தம் நின்றது.

"எத்தினி நாளா சொன்னா?" என்றாள் அம்மா.

"மூணு நாளா."

"தலை வலிச்சா, கண்ணு மங்குனா, அந்த நிமிஷமே கூட்டிக்கினு வான்னு டாக்டரம்மா சொன்னாங்களே..."

சித்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் இருத்தி இறுக்கிக்கொண்டாள். நான் கதையை நன்றாகச் சொன்னதற்காகத்தான் அணைக்கிறாள் என்று நினைத்தேன். மாங்காயைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து நழுவவில்லை என்ற நிம்மதியில் அவள் தோளில் சாய்ந்து தூங்கியும் போனேன்.