பெயின்ட் மேல் கட்டிய கம்பி

அந்தத் தெருவில் பெயின்டர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் ‘மூணு கோட்டு’ என்றால் ஒருவர்தான். இரண்டு கோட்டு போதும் என்று வீட்டுக்காரரே கையெடுத்துக் கும்பிட்டாலும் மனிதர் கேட்கமாட்டார். மூன்றாவதும் அடித்து, நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, தனக்குத்தானே ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால்தான் ஏணியை மடக்குவார். அந்த ‘ம்’முக்காகவே அவரைக் கூப்பிடுகிற வீடுகள் இருந்தன.

அப்படிப்பட்டவருக்கு ரேடியோப் பைத்தியம் பிடித்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, நாமே பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். படுக்கையறை மூலையில் பெட்டியை வைத்து, ஜன்னலில் ஒரு ஒயரைத் தொங்கவிட்டு, முகம் தெரியாத ஆட்களோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். கையில்தான் போன் இருக்கிறதே, எதற்கு இந்த வம்பு என்று கேட்டால் ஒரே பதில்தான். போனில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அதில் என்ன சுவாரசியம் என்பார். கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

ஜன்னல் ஒயர் எட்டுகிற தூரம் அவருக்குப் போதவில்லை. டவர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பழைய இரும்புக் கடையில் மூன்று கால் வைத்த நாற்பதடி டவர் ஒன்று துண்டு துண்டாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அதை வாங்கிவந்து இறக்கிய அன்றே மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பழகிய ஜாக்கிரதை ரத்தத்திலேயே ஊறியிருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டவர் கரண்ட் கம்பி மேல் விழக்கூடாது, அவ்வளவுதான். அளந்து பார்த்தால், அப்படிப்பட்ட இடம் கொல்லைப்புறத்துக் கோடிமூலை ஒன்றுதான். அங்கே நட்டால், டவரை இழுத்துப் பிடிக்கிற மூன்று கம்பிகளில் ஒன்று பக்கத்து வீட்டு மண்ணில்தான் போய் இறங்கியாக வேண்டும்.

பக்கத்து வீட்டில் இருந்தது தையல்கார அக்கா. இடி என்றால் அவருக்கு அப்படியொரு பயம். எப்போதோ தெருமுனை மரத்தில் இடி விழுந்தபோது, வீட்டுக்குள் இருந்த தையல் மெஷினின் மோட்டார் கருகிப்போனது. மறுபடி மெஷின் வாங்கித் தலை நிமிர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவரிடம் போய் மூணு கோட்டு பேசாத பேச்சில்லை. டவர் மேல் இடி விழுந்தால்கூட தடிமனான செம்புக் கம்பி வழியாக நேரே மண்ணுக்குள் இறங்கிவிடும், உங்கள் வீட்டு வாசலைக்கூட எட்டிப் பார்க்காது, இது என் வாக்கு என்றார். அக்கா நெடுநேரம் யோசித்து, வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

பிறகு வேலை நடந்த அழகைச் சொல்ல வேண்டுமே! துருவை ஒரு புள்ளி விடாமல் சுரண்டினார். பிரைமர் ஒரு கோட்டு, அதற்கு மேல் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இரண்டு கோட்டு. குழி தோண்டி கான்கிரீட் போட்டார். சீக்கிரமே நிறுத்திவிடலாம் என்ற கொத்தனாரோடு மல்லுக்கு நின்று, அது நன்றாக இறுகுகிறவரை காத்திருந்தார். ரேடியோ நண்பர்கள் வந்து ஏற்றியபோது, இடுப்புப் பெல்ட் மாட்டாமல் ஒருத்தரும் ஏறக்கூடாது என்று கீழே நின்று தொண்டை வற்றக் கத்தினார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு செம்புக் கோலை மண்ணில் அடித்து இறக்கினார். டவர் காலையும் கோலையும் இணைக்கிற செம்புக் கம்பியை எங்கும் முடக்கி மடிக்காமல் வளைத்தே கொண்டுபோய், வீட்டு எர்த்தோடும் சேர்த்துக் கட்டினார். டவர் நின்றது. தெருவே அண்ணாந்து பார்த்தது. ‘ம்’ என்றார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டியிலிருந்து டவருக்குப் போகிற கேபிளை ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதாக இருந்தது. அன்று காலை மனைவியின் வேன் மக்கர் செய்தது. பேட்டரி முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அந்தத் தாளும் கையுமாகக் கொல்லைப்பக்கம் கைகழுவ வந்த மனைவி, டவரின் காலடியில் குனிந்தார். செம்புக் கம்பியைக் காலோடு இறுக்கும் பட்டைக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர். மூன்றாவது கோட்டில் சிராய்ப்பு விழுந்துவிடக்கூடாதே என்று மகராசன் மூன்று காலிலும் மெத்தை வைத்திருந்தார்!

“பேட்டரி முனையில கொஞ்சம் பச்சை பூத்தாலே வண்டி கிளம்ப மாட்டேங்குது,” என்றார் மனைவி. “நீங்க பெயின்டு மேல ரப்பரையும் வச்சுக் கட்டியிருக்கீங்க. அப்புறம் எப்படிங்க அது மண்ணுக்கு இறங்கும்?”

கேபிளோடு வந்த மூணு கோட்டு சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார், பாதியில் சிரிப்பு நின்றது. உள்ளே ஓடி, கரண்ட் பாய வழி இருக்கிறதா என்று காட்டுகிற மீட்டரை எடுத்துவந்தார். ஒரு முனையைச் செம்புக் கம்பியிலும், இன்னொன்றைப் பெயின்ட் படாத ஒரு போல்ட்டிலும் வைத்தார். முள் அசையவே இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சத்தமில்லாமல் சுரண்டிக் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு அவருக்கும் வராமல் இல்லை. ஆனால் முந்தாநாள் தூரத்தில் இடி உருண்டபோது, அக்கா இவர் வாக்கை நம்பித்தானே கண்ணை மூடியிருப்பார்? அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதே சமயம், சொன்னால் அக்கா இடத்தைத் திருப்பிக் கேட்பார், டவர் போய்விடும் என்பதும் தெரிந்தே இருந்தது. மனைவியைப் பார்த்தார். போய்ச் சொல்லுங்கள் என்று அவர் கண்ணாலேயே காட்டினார்.

அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் குடுத்த வாக்கு பொய்யாப் போச்சு. மண்ணுக்குக் கம்பி போகுது, ஆனா டவரைத் தொடல. பெயின்டு கெட்டுடும்னு நான்தான் தப்பாக் கட்டிட்டேன். வேண்டாம்னா சொல்லிடுங்க, ஆளுங்களக் கூப்பிட்டு டவரை இறக்கிடறேன்.”

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார்.

“நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுக்கா.”

“வா. வந்து காட்டு.”

அக்கா பார்க்கப் பார்க்கவே மூணு கோட்டு ரப்பரை உருவி எறிந்தார். மனைவியிடமிருந்த உப்புத்தாளை வாங்கி, பளபளவென்றிருந்த சிவப்புப் பெயின்டைத் தேய்த்தார். முதல் காலில் தேய்த்தபோது தன் தோலையே உரிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது காலுக்கு வருவதற்குள், என்ன மாயமோ, கை தானாக வேகம் பிடித்தது. வெறும் இரும்பு மின்னியது. பட்டையை முறுக்கி மீட்டரை வைத்தார். முள் துள்ளிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனது. அக்கா விடவில்லை. மூன்று காலிலும் வைத்துக் காட்டச் சொன்னார், வீட்டு எர்த்திலும் காட்டச் சொன்னார், பிறகு மீட்டரைத் தானே வாங்கி ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

“அன்னைக்கு உன் நச்சரிப்பு தாங்காம இடம் குடுத்தேன்,” என்றார். “இன்னைக்குத்தான் மனசாரக் குடுக்கறேன். டவர் இருக்கட்டும் தம்பி.”

மூணு கோட்டு தேய்ந்த உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அவரைப் பாராட்டியிருக்கிறார்கள், இப்படி உச்சி குளிர்ந்ததில்லை.

கேபிளை மாட்டி முடித்ததும் அக்காவும் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். மனைவி பக்கத்தில் நின்றார். இரைச்சலுக்கு நடுவில் எங்கிருந்தோ ஒரு கிழவரின் குரல் கணீரென்று வந்தது. சத்தம் பிரமாதமாக வருகிறதே, புது டவரா, தனியாளாகவா நிறுத்தினீர்கள் என்று கேட்டது. மூணு கோட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

“இல்லைங்கய்யா. என் வீட்டுக்காரி, பக்கத்து வீட்டு அக்கா, நான். மூணு பேருமாச் சேர்ந்து நிறுத்தினோம்.”