லாரி பெயின்டர் வரைந்த அம்மா

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மனிதன் முகத்தையும் மலையையும் வரைந்த கதையை எட்டாம் வகுப்புக்கு ஒரே பீரியடில் முடித்துவிடுவேன். முதலில் சண்டையில் செத்த வீரனை நடுகல்லில் செதுக்கினார்கள். அதில் முகச்சாயலை யாரும் தேடவில்லை, செத்தவன் கையில் வில் இருந்தால் போதும். அப்புறம் ராஜாக்கள் நகை நட்டோடு உட்கார்ந்து தங்களை வரையச் சொன்னார்கள். மலையும் மரமும் வெகுகாலம் அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றன. மலைக்கென்று தனிப் படம் கிடைத்தது பிறகுதான். இப்போது செல்போன் வந்து முகத்தைப் பளிச்சென்று காட்டி, பின்னால் இருக்கும் மலையை மறுபடியும் மங்கலாக்கிவிட்டது. பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மணி அடித்துவிடும். நானே கைவைத்துக் கெடுத்த படம் ஒன்று உண்டு என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஓட்டு அட்டைக்குப் படம் பிடிக்க மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு ஆள் வந்த அன்று மிளகு பறிக்கப் போய்விட்டாளாம். அடுத்த வாட்டி பார்த்துக்கொள்ளலாம் என்றாளாம். அடுத்த வாட்டி அவர்கள் வந்தபோது அவள் இல்லை.

எட்டு வயதில் எனக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. அம்மா எப்படி இருப்பாள்? காலையில் கேட்பேன், சாயங்காலம் கேட்பேன்.

"உன்னையாட்டந்தான் கண்ணு" என்பார் அப்பா.

அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. மரவள்ளிக் கிழங்கைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர். பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என் மோவாயைப் பிடித்து, "அச்சு அசல் உங்கொம்மாதான் சாமி" என்பாள். ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்ப்பேன். அதில் நான்தான் இருப்பேன். எனக்கு அழுகையாக வரும்.

என் தொல்லை தாங்காமல் ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்து, துவண்டுபோய் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கினேன். அங்கே ரோட்டோரக் கொட்டகையில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவர் இருந்தார். ஏரி, அன்னம், தென்னைமரம், மறைகிற சூரியன் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே போடுவார்.

"ஏனுங்க, செத்துப்போனவங்க படம் போட்டுத் தருவீங்களா?"

"போட்டோ குடுங்க, போட்டுடலாம்."

"போட்டோ இல்லீங்க."

"அப்பறம் எதைப் பாத்துங்க போடறது?"

அப்பா என்னை முன்னால் தள்ளினார். "இதைப் பாத்துப் போடுங்க. ஒரு இருவது வயசு சேத்திக்கோங்க."

பெயின்டர் சிரித்துவிட்டார். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு தகரத்தை எடுத்தார். என்னைப் பழைய டயர்மேல் உட்கார வைத்தார்கள். அப்பா அவர் பக்கத்திலேயே நின்று, அவ்வப்போது குனிந்து காதில் என்னமோ சொன்னார். கோடு பிசகினால் பெயின்டர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு ஒற்று ஒற்றுவார். தப்பு போயே போச்சு! எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

முகம் முடிந்ததும் பெயின்டர் கை தன்போக்கில் ஏரிக்கும் அன்னத்துக்கும் போனது.

"எங்கூருல ஏதுங்க அன்னம்?" என்றார் அப்பா. "ஊட்டுக்குப் பின்னால சில்வர் ஓக்கு மரம், அதுல மிளகுக்கொடி. அவ அங்கதான் நிப்பா."

"நான் மலைக்கு வந்ததே இல்லீங்களே. இங்கிருந்து பாத்தா நீலமாத் தெரியுது. அதை வேணா போடறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அட, நீலமாகத்தான் இருந்தது. மலைமேலேயே கிடந்த எனக்கு அது பச்சை என்றுதான் தெரியும். அம்மாவுக்குப் பின்னால் அந்த நீல மலையே நின்றது.

அடுத்த வாரம் அப்பா போய்ப் படத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நேற்றுத்தான் கடைசியாகக் கைவைத்து முடித்தாராம், பெயின்ட் இன்னும் காயவில்லை, தொடக்கூடாது என்று சொல்லிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சுத்தியல் வாங்கவும் அத்தையைக் கூப்பிடவும் போனார்.

நான் படத்தின் முன்னால் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். அரக்குப் புடவை, மூக்குத்தி. நெற்றி என்னுடையது, சரி. மூக்கு, சரி. காது, சரி. டீச்சர் நோட்டுத் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே ஒரு தப்புதான் இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே எள்ளளவு கறுப்புப் புள்ளி. எனக்கு அங்கே ஒன்றுமில்லை. பாவம், பெயின்டர் பிரஷ்ஷைச் சொட்டவிட்டிருக்கிறார்! அடுப்படியிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்து, துணி நுனியால் ஒரு ஒற்று ஒற்றினேன். போயே போச்சு.

அவர்கள் வந்ததும் பெருமை தாங்காமல் நானே சொன்னேன். அப்பா சுத்தியலோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அத்தை வாயைத் திறந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நல்லாத்தான் தொடச்சிருக்கற கண்ணு. இப்பத்தான் சரியா இருக்குது" என்றார். பிறகு ஆணி அடித்தார். இரண்டு முறை விரலில் அடித்துக்கொண்டார்.

என் கல்யாணத்தன்று கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கும்போதுதான் அத்தை வாய்விட்டாள்: "உங்கொம்மாளுக்கு இந்த வேலையே இல்ல. கண்ணுக்குக் கீழ மச்சத்தோடயே பொறந்தவ." மணவறையில் நான் அழுத அழுகையைப் பார்த்தவர்கள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் பிரஷ்ஷும் கறுப்புப் பெயின்டுமாக மலைக்குப் போனேன். படத்தை இறக்கி அப்பா மடியில் வைத்து, அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டு, மச்சத்தை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். அவர் விரல் வலது கண்ணுக்குப் போனது, இடதுக்கு வந்தது, மறுபடியும் போனது.

"தினமும் இந்தப் படத்தையே பாத்துப் பாத்து... மறந்துபோச்சு கண்ணு."

எனக்கு மறக்கவில்லை, இடது கண்ணுக்குக் கீழே. படத்தில் மற்றதெல்லாம் நான்தான்; அந்தப் புள்ளி ஒன்றுதான் அம்மா. அப்பா ஐந்து வருஷம் மனசில் வைத்திருந்து பெயின்டர் காதில் சொன்னது. அன்று துணியும் கையுமாக நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.