ஒன்பது மணிக்கே ஊதிய சங்கு

இன்று காலை மரக்காணத்தில் ஓர் உப்பள ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தேன். ரொம்பப் பழைய கம்ப்யூட்டர். பத்து நாளைக்கு முன் ஏதோ அப்டேட் ஆனதிலிருந்து சத்தமே வரவில்லையாம்.

சவுண்ட் டிரைவர் போயிருந்தது. நெட்டில் கிடைத்த எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் மேசை டிராயரில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில், அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த சிடியே கிடைத்தது. அதைப் போட்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது.

டெஸ்க்டாப்பில் 'சங்கு' என்று ஒரு ஃபைல் இருந்தது. டெஸ்ட் பண்ணலாமே என்று அழுத்தினேன்.

கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரே அதிர்ந்தது.

எட்டிப் பார்த்தால், உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பலகையைப் போட்டுவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் தொடங்கும் வேலையை முடிக்கச் சொல்லிப் பதினோரு மணிக்கு ஊதவேண்டிய சங்காம் அது. அப்போது மணி ஒன்பது.

மேனேஜர் வெளியே ஓடினார். "ஏம்மா, எங்க போறீங்க? அது சும்மா டெஸ்ட்டும்மா!"

முதலில் கரையேறிய அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டே கேட்டார்: "பத்து நாளா சங்கு ஊதலன்னு ஒரு மணி வரைக்கும் வேலை வாங்கினீங்களே, அது இன்னா டெஸ்ட்டு?"

ஒருவர்கூடத் திரும்பி இறங்கவில்லை.

மேனேஜர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்பா, இத மறுபடியும் பழையபடி ஊமையாக்க முடியுமா?"

ரெண்டு நிமிட வேலை. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுதிவிடாதீர்கள். அந்த மேனேஜரும் என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிறார்.