மலைமேல் மூடிய கதவு

எனக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷமாகியும் என் கணவர் என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. நான் படியில் கால் வைத்தாலே பின்னால் வந்து நிற்பார். நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் எங்களை வரவழைத்து, ஒரு மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஷின்டோ கோயில், பல நூறு வருஷப் பழசு என்றாள். அடிவாரத்தில் மரத்தாலான பெரிய வாசல். அதைத் தாண்டி, நெட்டை மரங்களுக்கு நடுவே பாசி படிந்த கற்படிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. இவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டார்.

"நைனா, இங்க கழட்ட வாணாம். போட்டுக்கினே ஏறலாம்."

"கோயிலுக்கா? இன்னாமா சொல்ற?" மனமில்லாமல் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ இங்கயே குந்து. நாங்க போய்ட்டு வர்றோம்."

"இம்மாந்தூரம் ப்ளேன்ல வந்துட்டு அடிவாரத்துல குந்தவா? நா ஏறுறேன்."

ஏறினேன். மூச்சு வாங்கினால் நின்றேன். இறங்கி வந்தவர்கள் தலை குனிந்து ஏதோ சொன்னார்கள், நான் கும்பிட்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். கீழே ஒரு வளைவில், சட்டையெல்லாம் வியர்வையாகப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். இறங்கி ஓடினேன்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லமே, முட்டிதான். உன்னையே பாத்துக்கினு ஏறுனேனா, எனக்கு முட்டி வலிச்சதே தெரில."

தண்ணீர் கொடுத்தேன். வியர்வை அடங்கியதும் என் கையைப் பிடித்து எழுந்தார். அப்புறம் மூவரும் ஒன்றாகவே ஏறினோம்.

உச்சியில், தொட்டித் தண்ணீரை அகப்பையில் மொண்டு கை கழுவினோம். சந்நிதிக்கு மேலே பருத்த வைக்கோல் கயிறு, அதில் வெள்ளைக் காகிதங்கள். கதவு மூடியிருந்தது.

"சாமி எங்க?" என்றார்.

"உள்ளதான் இருக்கு. காட்ட மாட்டாங்க."

மகள் செய்தபடியே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கண்ணை மூடினேன்.

"இன்னா வேண்டிக்கின?"

"ஒண்ணும் வேண்டிக்கல. வந்துட்டேன்னு சொன்னேன்."

வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

இறங்கும்போது லேசாகத் தூறியது. படி வழுக்குமோ என்று நான் தயங்கி நின்றேன். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"நீ முன்னால போமே. நாங்க மெல்ல வர்றோம்."